சுவர்க் குறிப்பைக் கடைசியில் படியுங்கள்

வந்த கேள்வியைச் சுருக்கமாக முதலில் போட்டுவிடுகிறேன். "சமகாலக் கலைக் கண்காட்சி எதற்குப் போனாலும் சுவரில் 'இயற்கை, நினைவு, பண்பாட்டு அடையாளம் ஆகியவற்றைத் தேடும் கலைஞர்' என்றே எழுதியிருக்கிறது. நிஜமாகவே தேடுகிறார்களா, இல்லை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்களா? சென்னையில் இருந்துகொண்டு யாருடைய வேலையைப் பார்த்தால் இது புரியும்?"

பாதிப் பேர் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் ஓவியனும் இல்லை, விமர்சகனும் இல்லை. ராயப்பேட்டையில் ஃப்ரேம் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் சாமி படம், கல்யாண போட்டோ, காலமானவர் போட்டோ, இவ்வளவுதான் வியாபாரம். நான் கல்லாவில் உட்கார ஆரம்பித்த பிறகு காலேஜ் பையன்கள், ஓவியர்கள், கேலரிக்காரர்கள் என்று மெல்ல வர ஆரம்பித்து இப்போது பாதி வேலை அவர்களுடையது. ஆகவே படங்களை நான் பார்ப்பது பெரும்பாலும் குப்புறப் போட்டுத்தான், பின்பக்கம் ஆணி அடிக்கும்போது. அதில் ஒரு வசதி, என்ன பேப்பர், என்ன துணி, எத்தனை தடவை கிழித்து ஒட்டியது, நிதானமாகச் செய்ததா, திறப்பு விழாவுக்கு முந்தின ராத்திரி செய்ததா, எல்லாம் அங்கே தெரிந்துவிடும்.

எந்தப் படம் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "இது எதுல பண்ணது?" என்பதுதான். ரசனையில் கேட்பதில்லை, பயத்தில் கேட்பது. சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கும் உப்புக்கும் காகிதம் தாங்காது. படத்தைச் சுற்றி வைக்கிற அட்டை, அதாவது மவுண்ட் போர்டு, மலிவானதாக இருந்தால் அதில் உள்ள அமிலம் ஓரத்தைப் பழுப்பாக்கிவிடும், கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், கரியிலோ பேஸ்டலிலோ போட்ட படத்துக்கு அக்ரிலிக் ஷீட் வைத்தால் அதைத் துடைக்கத் துடைக்க ஏறுகிற மின்சாரம் பொடியை எல்லாம் மேலே இழுத்துக்கொள்ளும். என் கேள்விக்குப் பத்து நிமிஷம் நின்று பதில் சொல்கிற ஓவியர்கள் உண்டு, "மிக்ஸ்டு மீடியா, அண்ணா" என்று முடித்துவிட்டு போனைப் பார்க்கிறவர்களும் உண்டு. நினைவு, அடையாளம் என்று எழுதுகிறவர்களில் முதல் ரகத்தை நான் நம்புவேன்.

நினைவு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். பேப்பரை டீ டிகாஷனில் முக்கிக் காயவைத்துப் பழசாக்குவது காலேஜ் பிள்ளைகளிடம் ஓர் அலையாகவே ஓடிக்கொண்டிருந்தது. மேலே பாட்டியின் போட்டோவை நகலெடுத்து ஒட்டி, ஓரத்தை மெழுகுவர்த்தியில் லேசாகக் கருக்கி, 'நினைவின் எச்சங்கள்' என்று பெயர் வைப்பார்கள். வாங்கி ஃப்ரேம் போட்டுக் கொடுத்துவிடுவேன், காசு வருகிறதே. 2015 டிசம்பர் வெள்ளம் முடிந்து சில வாரத்தில் ஜாபர்கான்பேட்டையிலிருந்து ஓர் அம்மா அவருடைய கல்யாண போட்டோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். அடையாற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் நின்ற உயரத்துக்குச் சரியாக போட்டோவின் அடிப்பாகத்தில் சேற்றுக் கோடு. நனைந்த போட்டோவின் மேல்பூச்சு இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், காய்ந்த பிறகு பிரித்தால் முகத்தோடுதான் வரும். அதனால் பிரிக்கமாட்டேன் என்றேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "கோடு தெரியாத மாதிரி மவுண்ட் வச்சுக் குடு தம்பி." வைத்துக் கொடுத்தேன். கோட்டை மறைத்ததில் மாப்பிள்ளை, பெண் இரண்டு பேருடைய பாதங்களும் மறைந்துபோயின. விலையிலும் ஐம்பது ரூபாய் பேரம் பேசிக் குறைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு டீ டிகாஷன் படம் வந்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கறை உள்ளவர் மறைக்கப் பார்க்கிறார், இல்லாதவர் உண்டாக்குகிறார்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். முதலில் பெனிதா பெர்சியல். திருவண்ணாமலையில் பிறந்து, சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்து, இங்கேயே வேலை செய்பவர். இவர் உருவங்கள் செய்கிற பொருட்களைப் பாருங்கள்: சாம்பிராணி, வெள்ளைப்போளம், கிராம்பு, பட்டை, மரப்பட்டைத் தூள், பழைய கட்டிடங்களிலிருந்து வந்த மரம். ஊதுவத்திக்குப் பிசைகிற மாதிரிப் பிசைந்து மனித உருவமாக்குகிறார். கொச்சியில் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற பெரிய கலைக் கண்காட்சியான பினாலேயில், 2014-ல், 'விசுவாசத்தின் நெருப்புகள்' என்று பொருள்படும் தலைப்பில் கிறிஸ்தவ மரபின் உருவங்களை வைத்திருந்தார். இந்தப் பொருட்களுக்கு ஒரு குணம் உண்டு, கண்ணுக்கு முன்னால் மூக்கு போய்விடும். சிலையைச் சரியாகப் பார்ப்பதற்குள் நீங்கள் எங்கேயோ ஒரு பூஜை அறைக்கோ, சர்ச்சுக்கோ, சாவு வீட்டுக்கோ, பாட்டி சாம்பிராணி போட்ட ஞாயிற்றுக்கிழமைக்கோ போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

அந்தச் சாம்பிராணியும் வெள்ளைப்போளமும் அரபுக் கரையிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் பாய்க்கப்பல்களில் வந்து, இந்தப் பக்கத்து மிளகும் பட்டையும் அதே வழியில் திரும்பிப் போன சரக்கு. இயேசுவின் சீடர் தோமா வந்ததாகச் சொல்லப்படுவதும் அந்தக் கடல் வழிதான். நம்முடைய சாந்தோமையும் பரங்கிமலையையும் அந்தக் கதையோடு சேர்த்துத்தான் இன்றும் சொல்கிறோம். ஆகவே தமிழ்க் கிறிஸ்தவர் என்கிற அடையாளத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதாமல், அந்த அடையாளம் எந்தச் சரக்கோடு கரை இறங்கியதோ அதே சரக்கில் உருவம் செய்து வைத்துவிடுகிறார். அப்புறம் இந்தப் பொருள் நிலையாக இருப்பதில்லை. ஈரம் குடிக்கும், மணம் குறையும், மெல்ல உதிரும். ஃப்ரேம்காரனாக எனக்கு இது கெட்ட கனவு. ஆனால் நினைவு என்ற சொல்லுக்கு இவ்வளவு பொருத்தமாக நடந்துகொள்கிற பொருள் வேறு எது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

இன்னொருவர் பார்வதி நாயர், இவரும் சென்னையில் இருப்பவர். மரப்பலகை மேல் பென்சில், அதாவது கிராஃபைட், கொண்டு வரைபவர். அதே 2014 கொச்சி பினாலேயில் இவரும் பங்கெடுத்தார். தண்ணீர், நுண்ணோக்கியில் பார்த்த மாதிரியான உயிர்கள், கடல் என்று விஷயம் எல்லாம் இயற்கைதான். கிராஃபைட் வேலையைப் பக்கத்தில் போய், பக்கவாட்டில் குனிந்து பார்க்கவேண்டும். நேரே நின்றால் சாம்பல் நிறம், இரண்டு அடி நகர்ந்தால் அதே இடம் ஈயம் மாதிரி மினுங்கும், தண்ணீர் வெயிலில் மினுங்குகிற மாதிரியே. ஓர் அங்குலத்துக்கு எத்தனை கோடு என்று எண்ண ஆரம்பித்து நான் விட்டுவிட்டேன். வண்ணத்தை உருளையால் உருட்டிக் கடலை அரை நாளில் போட்டுவிடலாம். பென்சில் முனையால் கடலை நிரப்ப உட்கார்ந்தால் அந்தத் தண்ணீரோடு எத்தனையோ வாரம் இருந்தாகவேண்டும்.

இங்கே ஒரு சின்னப் புலம்பல். கூவம் மாதிரியான நம் ஆறுகளை மையமாக வைத்து 2018-ல் ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. ஆற்றங்கரையிலேயே வைப்பதாகத்தான் திட்டம். கடைசியில் கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமியின் கண்காட்சிக் கூடத்துக்குள் நடந்தது. வேலைகள் சில நன்றாகவே இருந்தன, ஆனாலும் கூவத்தைப் பற்றிய கலையைக் கூவத்தின் நாற்றம் இல்லாத அறையில் பார்ப்பது கருவாட்டுக் குழம்பைப் போட்டோவில் பார்க்கிற மாதிரிதான். வெளியே வந்து பாலத்தில் ஏறின பிறகுதான் கண்காட்சி எனக்குப் பிடிபட்டது.

'அடையாளம்' என்பது இப்போது வந்த ஃபேஷன் என்று நினைத்தால், சென்னையைப் பொறுத்தவரை தவறு. பெரியமேட்டில் இருக்கிற கவின் கலைக் கல்லூரி 1850-ல் தொடங்கிய பள்ளி. வெள்ளைக்காரன் தச்சுக்கும் மண்பாண்டத்துக்கும் நகாசுக்கும் ஆள் தயார் செய்ய நடத்திய இடத்தில், நூறு வருஷம் கழித்து ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வராக உட்கார்ந்துகொண்டு, ஐரோப்பாவைப் பார்த்துப் போடுவதை விட்டால் நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். 1963 வாக்கில் அவர் தொடங்கிய 'சொற்களும் சின்னங்களும்' வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, படிக்க முடியாத எழுத்து எல்லாம் கேன்வாஸ் முழுக்க ஊர்ந்து போகும். 1966-ல் அவரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். நிலம் வாங்கிய பணம் பாட்டிக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுச் சேர்த்தது. ஓவியர் கே.எம். ஆதிமூலம் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர், 1969 காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் இங்க்கில் போட்ட காந்தி சித்திரங்கள்தான் பலருக்குத் தெரியும். எனக்கு அவருடைய எழுத்துருக்கள் இன்னும் பெரிசு. பத்திரிகைத் தலைப்புகளிலும் புத்தக அட்டைகளிலும் தமிழ் எழுத்தை அவர் கிறுக்கிய விதம் ஒரு தலைமுறைக்கே கண்ணில் ஒட்டிக்கொண்டது. அடையாளத்தைத் தேடுகிறேன் என்று சொல்லாமலே தேடியவர்கள் இவர்கள். இதற்கு மேல் இந்தச் சரித்திரத்தில் நிற்கவில்லை. சோழமண்டலத்தில் மியூசியமே இருக்கிறது, நேரில் பாருங்கள்.

அடுத்து, நம் ஊரில் இயற்கை, கலை என்றாலே வந்து நிற்கிற திணை. ஐந்து கேன்வாஸ் கொண்டுவருவார்கள். குறிஞ்சிக்கு ஊதா, முல்லைக்குப் பச்சை, நெய்தலுக்கு நீலம், பாலைக்கு ஆரஞ்சு, மருதத்துக்கு என்ன போடுவது என்று தெரியாமல் இன்னொரு பச்சை. "அஞ்சுக்கும் ஒரே பீடிங் போட்டுடுங்க" என்பார்கள், பீடிங் என்றால் ஃப்ரேமின் சட்டம். எனக்குத் திணை மேல் கோபம் இல்லை, அதைக் கலர் சார்ட் ஆக்கியதில்தான் வருத்தம். தொல்காப்பியம் கருப்பொருள் என்று அடுக்குகிற பட்டியலைப் பாருங்கள்: தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, யாழ், இவற்றோடு தொழில். நெய்தல் என்றால் கடலும் தாழையும் ஏக்கமும் மட்டும் இல்லை, அங்கே மீன் உலர்த்துகிறவரும் உப்பு விற்கிறவரும் சேர்ந்துதான் நெய்தல். டெல்லிக்காரரான ரவி அகர்வால் புதுச்சேரிப் பக்கத்து மீனவர்களோடு வருஷக்கணக்கில் பழகிச் செய்த போட்டோ, வீடியோ வேலைகளில் சங்கப் பாட்டு வருகிறது. அது உறுத்தவில்லை, ஏனென்றால் கூடவே வலையும் கயிறும் டீசல் கணக்கும் இருக்கின்றன. வெளியூர்க்காரர் பிடித்ததை நாம் கலரில் தொலைக்கிறோம்.

தொழில் என்று வந்துவிட்டால் சாதி வரும். 'பண்பாட்டு அடையாளம்' என்கிற சொல் கேலரிச் சுவரில் இவ்வளவு சௌகரியமாக உட்காருவதற்குக் காரணமே, பண்பாடு என்றால் கோலமும் கோயில் தூணும் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம். இதற்கு மாற்று மருந்து வேண்டும் என்றால் எம். பழனி குமாரின் போட்டோக்களைப் பாருங்கள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், அம்மா மீன் விற்றவர். மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து போய் எடுத்திருக்கிறார். 2022-ல் கிராமத்து வாழ்க்கையைப் பதிவுசெய்கிற 'பாரி' இணையதளமும் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங்கும் சேர்ந்து ஏற்படுத்திய ஆவணப் புகைப்பட விருது முதல்முதலில் இவருக்குத்தான் போனது. ராமநாதபுரம் மாவட்டம் பாரதிநகர்ப் பெண்கள் கடலுக்குள் மூழ்கிப் பாசி எடுப்பதை அவர் எடுத்த வரிசை பாரி தளத்தில் இருக்கிறது, தமிழிலேயே படிக்கலாம். கூரான பாறை கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். அந்தப் படங்களில் கடல் வேலை செய்கிற இடம். இயற்கையை ஆராய்வதாக அவர் எங்கும் சொல்லிக்கொள்வதாக நினைவில்லை.

கண்ணகி நகர்ச் சுவரோவியங்களைப் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். 2020-ல் அந்தக் குடியிருப்பின் பெரிய சுவர்களில் பிரமாதமான படங்கள் வந்தன, திறமையில் குறை சொல்லமுடியாது, அங்குள்ள பிள்ளைகளுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரத்துக் குடிசைகளிலிருந்தும் பெயர்த்துக் கொண்டுபோய் வைக்கப்பட்ட ஜனங்கள் அவர்கள். அந்தச் சுவர்களில் கூவத்தங்கரை எங்காவது இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. இதில் என் மனசு இரண்டாகத்தான் இருக்கிறது, அப்படியே விட்டுவிடுகிறேன்.

கடைசியாக ஒருவர், சென்னையும் இல்லை, இந்தியாவும் இல்லை. யாழ்ப்பாணத்து தா. சனாதனன், அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு சொல்லிக்கொடுப்பவர். 2011-ல் அவருடைய ஒரு கலைப் புத்தகம் வந்தது. தலைப்பைத் தமிழில் 'முற்றுப்பெறாத தோம்பு' என்று சொல்லலாம். தோம்பு என்றால் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வைத்திருந்த நிலப் பதிவேடு, யாருக்கு எவ்வளவு காணி என்கிற கணக்கு. போரில் இடம்பெயர்ந்தவர்களிடம் போய், உங்கள் வீட்டை நினைவிலிருந்து வரைந்து காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார். வரையத் தெரியாத கைகள் பேப்பரில் போட்ட கோணல்மாணல் கோடு முதலில் வரும். அதையே கட்டிடக் கலைஞர் அளவெடுத்து வரைந்த மாதிரி சுத்தமான வரைபடம் அடுத்து. அதற்கப்புறம் சனாதனன் அந்த வீட்டைப் பற்றிப் பேஸ்டலில் போட்ட படம். ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இந்தப் புத்தகத்தைப் பார்த்தேன், ஃப்ரேம் அளவு எடுக்கப் போன இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். மூன்றும் ஒரே வீடு, மூன்றும் வேறு. அந்த முதல் கோணல் படத்தில்தான் மனுஷர் இருக்கிறார், இரண்டாவதில் சர்க்கார் இருக்கிறது. அழிந்த வீட்டுக்குப் பத்திரம் எழுதுகிற மாதிரி ஒரு வேலை. அதில் டீ டிகாஷன் ஒரு சொட்டு இல்லை.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது என்றால், கிரீம்ஸ் ரோடு லலித் கலாவுக்கு ஒரு நடை போய்வாருங்கள், அங்கே மோசமான கண்காட்சியும் நடக்கும், அதையும் பாருங்கள், நல்லதைக் கண்டுபிடிக்க அது உதவும். ஈ.சி.ஆரில் போனால் சோழமண்டலத்தையும் முட்டுக்காட்டில் பழைய வீடுகளையும் கைவினைகளையும் வைத்திருக்கிற தட்சிணசித்ராவையும் ஒரே நாளில் முடிக்கலாம். 2016-லிருந்து நடக்கிற சென்னை போட்டோ பினாலே வரும்போது விடாதீர்கள். கவின் கலைக் கல்லூரி மாணவர் கண்காட்சி எப்போது என்று விசாரித்துவையுங்கள், விலையும் குறைவு, பேச ஆளும் கிடைக்கும். உள்ளே போனதும் சுவர்க் குறிப்பைப் படிக்காமல் முதலில் படத்துக்குப் பக்கத்தில் போய் அது எதனால் ஆனது என்று பாருங்கள், ஓவியர் நின்றால் கேட்டேவிடுங்கள். பத்து நிமிஷம் பதில் வந்தால் அப்புறம் குறிப்பைப் படிக்கலாம்.

சனாதனன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்த அன்று ராத்திரி திருவொற்றியூரில் இருந்த எங்கள் ஆயா வீட்டை வரைந்து பார்த்தேன். திண்ணை, நடை, சமையல்கட்டு, பின்னால் அடிபம்பு, அதை ஒட்டி முருங்கை. அம்மாவிடம் காட்டினேன். "முருங்கை இங்க எங்கடா இருந்துச்சு, அது கக்கூஸ் பக்கம்" என்று பென்சிலைப் பிடுங்கி அடித்துவிட்டு வேறு இடத்தில் போட்டார். மாமாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினால், முருங்கையே கிடையாது, அது அகத்தி என்கிறார். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர் லாரி நிற்கிறது, போய்ப் பார்த்துத் தீர்க்கவும் வழியில்லை. பேப்பர் கடையில்தான் இருக்கிறது, பத்துக்குப் பதினான்கு, அளவுகூட எடுத்து வைத்துவிட்டேன். போன வாரம் அம்மா வந்து கோழிக்கூண்டைச் சேர்த்துவிட்டுப் போனார்.